ஃபார்ம்வில்: தண்ணீர் பாய்ச்சாத வயல்

பரணைச் சுத்தம் செய்யும்போது என் கல்லூரி நோட்டு ஒன்று கிடைத்தது. கடைசிப் பக்கத்தில் "ஸ்ட்ராபெரி 4 மணி, பூசணி 8, நெல் 12" என்று என் கையெழுத்து. 2010-இல் நாகர்கோவில் வடசேரிப் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து ஃபேஸ்புக்கில் ஃபார்ம்வில் விளையாடியபோது, எந்தப் பயிர் எத்தனை மணி நேரத்தில் விளையும் என்று குறித்த கணக்கு அது. மூடிப்போன விளையாட்டுதான், இருந்தாலும் ஒரு விமர்சனம் எழுதலாம் என்று தோன்றியது.

வெளியாட்களும் தன் தளத்துக்குள் செயலி வைக்கலாம் என்று ஃபேஸ்புக் வழிவிட்டது 2007 மே மாதம். ஜிங்கா நிறுவனத்தின் ஃபார்ம்வில் 2009 ஜூனில் வந்தது. ஃபேஸ்புக் பக்கத்துக்குள்ளேயே ஃபிளாஷ் என்ற மென்பொருளில் ஓடும், தனியாக எதையும் இறக்க வேண்டாம். சென்டர்க்காரர் முறைக்கமாட்டார்.

உழு, விதை, காத்திரு, அறு. இவ்வளவுதான் விளையாட்டு. சூட்சுமம் அந்தக் காத்திருப்பில் இருக்கிறது. நேரத்துக்கு வந்து அறுக்காவிட்டால் பயிர் வாடிவிடும். காலையில் ஸ்ட்ராபெரி போட்டால் மத்தியானம் வகுப்பில் மனசு நிற்காது. அதனால் நான் நெல்லுக்கு மாறினேன். சாயங்காலம் விதைத்து, மறுநாள் காலை கல்லூரிக்குப் போகும் வழியில் அறுத்துவிடலாம்.

எங்களுக்குத் தேரூர்ப் பக்கம் கொஞ்சம் வயல் உண்டு. ஒருநாள் அப்பாவைச் சென்டருக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். ஸ்ட்ராபெரி விதை 10 காசு, உழவு 15, விற்றால் 35 என்றதும், "விதையை விட உழவுக்கூலி கூட. இது சரியாத்தான் போட்டிருக்கான்" என்றார். அப்புறம் கேட்டார்: "மக்கா, தண்ணி எங்கேருந்து வருது?"

"தண்ணி வேண்டாம்பா."

"தண்ணி வேண்டாமா? அப்போ இது வயலில்ல, கோலம்."

பேச்சிப்பாறை அணையில் எப்போது தண்ணீர் திறப்பார்கள் என்று பார்த்துக் கன்னிப்பூ நெல் பருவத்துக்கு நாற்று பாவுகிறவர் வேறென்ன சொல்வார்! மடை திறப்பதில் பக்கத்து வயல்காரரோடு வருஷத்துக்கு ஒரு சண்டையாவது போடுவார். ஃபார்ம்வில்லில் பக்கத்து வயல்காரர் என்றால் கூட விளையாடும் ஃபேஸ்புக் நண்பர்; அவர் வந்தால் உரம் போட்டுவிட்டுத்தான் போவார்.

எனக்கு அந்தப் பக்கத்து வயல்காரன், சவூதியில் வேலைக்குப் போயிருந்த சித்தப்பா மகன். போன் செய்தால் காசு ஆகும் என்று மாதத்துக்கு ஒருமுறைதான் பேசுவான். ஆனால் என் நெல்லுக்கு உரம் விழுந்திருந்தால் அண்ணன் நேற்று ராத்திரி இருந்திருக்கிறான் என்று அர்த்தம். சித்தியிடம் போய்ச் சொல்வேன். பயிர் பொய்தான், அந்த உரம் பொய்யில்லை. இதற்காகவே ஐந்துக்கு நான்கு.

ஒன்றைக் குறைத்தது, அழைப்பு அனுப்பு, பரிசு கேள் என்று ஓயாமல் நச்சரிப்பதற்காக. அந்தக் காலத்துச் செயலிகள் பலவற்றுக்கும் இந்தக் குணம் உண்டு. வினாடி வினாச் செயலி ஒன்று என்னைக் கேட்காமலே என் பெயரில் எல்லோருக்கும் அழைப்பு அனுப்பி, கல்லூரி ஆசிரியை ஒருவரிடம் நான் அசடு வழிந்தேன். அப்படி ஒரு கேள்வி பதில் செயலி வழியாக 8.7 கோடிப் பேர் வரை தகவல் கைமாறியிருக்கலாம் என்று 2018-இல் ஃபேஸ்புக்கே சொன்னபோது, எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்த ஆசிரியையின் முகம்.

ஃபிளாஷை அடோபி கைவிட்டதோடு, 2020 டிசம்பர் 31-இல் ஃபார்ம்வில்லும் மூடியது. அண்ணன் இப்போது தினமும் வாட்ஸ்அப்பில் ரோஜாப்பூ போட்டு 'காலை வணக்கம்' அனுப்புகிறான். உரமே தேவலை.