ஊட்டிப் பூங்காவா, சிம்ஸ் பூங்காவா? எந்தப் பூங்காவோடு எந்தக் காட்டு நடை?

நீலகிரிக்கு ஒரே ஒரு நாள் ஒதுக்கி வருகிறவர்கள் பெரும்பாலும் பட்டியலோடுதான் மலையேறுகிறார்கள். காலையில் தாவரவியல் பூங்கா, அடுத்து ரோஜா பூங்கா, தொட்டபெட்டா, மதியம் குன்னூர் சிம்ஸ் பூங்கா, சாயந்திரம் டால்பின் நோஸ். காகிதத்தில் பார்த்தால் தூரம் ஒன்றும் பெரிதில்லை. ஆனால் ஊட்டிக்கும் குன்னூருக்கும் நடுவில் உள்ள 19 கிலோமீட்டர் சாதாரண நாளில் முக்கால் மணி நேரம்; மே மாத ஞாயிற்றுக்கிழமையில் அதுவே இரண்டு மணி நேரத்தை விழுங்கிவிடும். கடைசியில் ஐந்து இடத்திலும் வாசலையும் பார்க்கிங்கையும் பார்த்துவிட்டு இறங்க வேண்டியதுதான்.

ஒரு நாளுக்கு ஒரு பூங்கா, ஒரு நடை போதும். இரண்டும் மலையின் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும். எந்தப் பக்கம் என்பதை முதலில் மழைதான் முடிவு செய்யும்.

மழை எந்தப் பக்கம்?

நீலகிரி முழுவதும் ஒரே நேரத்தில் நனைவதில்லை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை மேற்கு விளிம்பில்தான் கொட்டும்: கூடலூர், அவலாஞ்சி, அப்பர் பவானி. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் பெய்தது. ஊட்டியில் அந்த மாதங்களில் தூறலும் குளிர்காற்றும் விடாது. கிழக்குச் சரிவில் இருக்கும் குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் அந்த மேகம் வந்து சேர்வதற்குள் பாதி கரைந்திருக்கும். அக்டோபர், நவம்பரில் கதை தலைகீழ். வடகிழக்குப் பருவமழை மேட்டுப்பாளையம் பக்கத்திலிருந்து ஏறி குன்னூர், கோத்தகிரி சரிவுகளில் மோதும். மண்சரிவால் மலை ரயில் நிற்பதும், சாலையில் மரம் விழுவதும் அப்போதுதான்.

ஆகவே ஜூலையில் வந்தால் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் ஒதுங்குங்கள். நவம்பரில் வந்தால் ஊட்டியை வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் பிரச்சினை மழை அல்ல, கூட்டம். இரண்டு பருவமழையும் ஓய்ந்த ஜனவரியில் எங்கேயும் போகலாம். குளிர் தாங்க வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டு பூங்கா, இரண்டு குணம்

ஊட்டி அரசு தாவரவியல் பூங்கா 1848-ல் வில்லியம் கிரஹாம் மெக்ஐவர் கையில் உருவெடுத்தது. ஏறக்குறைய 22 ஹெக்டேர், தொட்டபெட்டாவின் அடிச்சரிவில். குன்னூர் சிம்ஸ் பூங்கா 1874-ல் வந்தது. அளவில் ஏறக்குறைய பாதி, 12 ஹெக்டேர். இரண்டையும் தோட்டக்கலைத் துறைதான் பராமரிக்கிறது. இதோடு ஒற்றுமை முடிந்தது.

ஊட்டிப் பூங்கா மேல்நோக்கிப் போகும் பூங்கா. வாசல் கீழே, அகன்ற புல்வெளி, பாத்திகள், கண்ணாடி மாளிகை என்று படிப்படியாக ஏறி உச்சியில் நீலகிரிப் பழங்குடியினரான தோடர்களின் குடியிருப்பான கார்டன் மந்து வரை போகலாம். களைப்பு முதலில், இறக்கம் பிறகு. முடியாதவர்கள் புல்வெளியோடு நின்றுகொள்ளலாம். திரும்பி வரும் வழி எளிது. சிம்ஸ் பூங்கா நேர் எதிர். அது ஓர் ஓடைப் பள்ளத்தாக்கின் இரு சரிவிலும் அமைந்தது. உள்ளே நுழைந்ததும் பாதை இறங்கும், அடியில் சின்னக் குளம், பிறகு அந்த உயரத்தையெல்லாம் ஏறித்தான் வெளியே வர வேண்டும். 1,768 மீட்டரிலிருந்து 1,798 மீட்டர் வரை, மொத்தம் 30 மீட்டர் வித்தியாசம். கேட்கச் சின்னதாகத் தெரியும். பத்து மாடி ஏறுவதற்குச் சமம். மூட்டு வலி உள்ள பெரியவர்களை உற்சாகமாகக் குளம் வரை கூட்டிப்போய்விட்டு, ஏற முடியாமல் பாதியில் உட்கார்ந்திருக்கும் குடும்பங்களை அங்கே அடிக்கடி பார்க்கலாம். அவர்களோடு போனால் மேல்தட்டிலேயே வளைய வாருங்கள். பெரிய மரங்களில் பல அங்கிருந்தே தெரியும்.

மூச்சு விஷயத்தில் குன்னூர் கொஞ்சம் தேவலை. ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தை விட ஏறக்குறைய கால் பங்கு குறைவு. சென்னையிலிருந்து இரவு வண்டியேறி விடிந்ததும் பூங்காவின் மேட்டை வேகமாக ஏறினால் நெஞ்சு படபடப்பது இதனால்தான். ஆஸ்துமா, இதயக் கோளாறு உள்ளவர்கள் முதல் நாள் குன்னூரில் நடந்துவிட்டு மறுநாள் ஊட்டிக்குப் போவது நல்லது.

உண்மையான வேறுபாடு பூவுக்கும் மரத்துக்கும் நடுவில் இருக்கிறது. ஊட்டிப் பூங்காவின் பெருமை பருவப் பூக்கள். முதல் சீசன் ஏப்ரல்–மே; இரண்டாம் சீசன் செப்டம்பர்–அக்டோபர். மலர் மாடத்தில் ஆயிரக்கணக்கான தொட்டிகளை அடுக்குவது இந்த இரு காலத்துக்காகத்தான். மே மாத மலர்க் கண்காட்சிக்கான நாற்றுகள் ஆண்டுத் தொடக்கத்திலேயே பாத்திகளில் இறங்கிவிடும். அதனால் பிப்ரவரியில் போனால் பச்சை நாற்றும் ஈரமண்ணும்தான் கண்ணில் படும். "படத்தில் பார்த்த பூவெல்லாம் எங்கே?" என்று கேட்பவர்கள் பெரும்பாலும் இந்த இடைவெளியில் வந்தவர்கள். கண்காட்சிக்கு முந்தைய வாரங்களில் பெரிய புல்வெளியில் கால் வைக்கவும் விடமாட்டார்கள். டிசம்பர், ஜனவரி விடியலில் அதே புல் உறைபனியால் வெள்ளையாக விரிந்திருக்கும். வெயில் ஏறிய அரை மணியில் கரைந்துவிடும். காலை 7 மணிக்குக் கதவு திறக்கும்போதே போய் நிற்பவருக்குத்தான் அந்தக் காட்சி.

பூ இல்லாத நாளிலும் அங்கே பார்க்க ஒன்றும் இல்லை என்று சொல்ல முடியாது. சுமார் 2 கோடி ஆண்டு பழமையான, கல்லாக மாறிய மரம் கிடக்கிறது. தக்கை எடுக்கும் ஓக் மரம் நிற்கிறது. பட்டையை விரலால் அழுத்திப் பார்த்தால் பாட்டில் மூடி நினைவுக்கு வரும். பெரணி (ஃபெர்ன்) இல்லமும் உண்டு. உச்சியில் உள்ள மந்து காட்சிப்பொருள் அல்ல, குடும்பங்கள் வாழும் இடம். வளைந்த கூரை வைத்த கோயில் பக்கம் ஏறிப் போகக்கூடாது. படம் எடுக்கும் முன் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சிம்ஸ் பூங்காவை மரத்துக்காகப் பார்க்க வேண்டும். அதனால் அதற்கு சீசன் என்று ஒன்று அவ்வளவாக இல்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட தாவர இனங்கள். உருத்திராட்ச மரம் இருக்கிறது. அடியில் குனிந்து பாருங்கள். நீல நிறப் பழம் விழுந்து கிடந்தால், சதை போன பிறகு உள்ளே இருப்பதுதான் கழுத்தில் போடும் மணி. குயின்ஸ்லாந்து கௌரி மரம் தூண் போல நேராக எழும்பி நிற்கும். மக்னோலியா, மரப்பெரணி, அரவுகேரியா என்று வரிசை நீள்கிறது. வேடிக்கையான ஒரு குழப்பத்தையும் இங்கே தீர்த்துக்கொள்ளலாம். நீலகிரிக்காரர்கள் 'கற்பூர மரம்' என்று சொல்வது யூகலிப்டஸை. நிஜமான கற்பூர மரம் இந்தப் பூங்காவுக்குள் நிற்கிறது. கீழே உதிர்ந்த இலையைக் கசக்கி முகர்ந்தால் இரண்டின் வாசமும் வேறு வேறு என்று தெரியும். மே கடைசியில் இங்கே பழக் கண்காட்சி நடக்கும். அந்த நாட்களில் மட்டும் மரம் பார்க்க வராதீர்கள், தலைகள்தான் தெரியும்.

சிறு குழந்தைகள் ஓடியாட வேண்டுமென்றால் ஊட்டிப் புல்வெளிதான். மரத்தின் பேர்ப்பலகையைப் படித்து நிற்கிறவருக்கு சிம்ஸ். ஒன்றைத்தான் பார்க்க முடியும், மாதமும் தெரியாது என்றால் சிம்ஸைத் தேர்ந்தெடுங்கள். பூ ஏமாற்றும், மரம் ஏமாற்றாது.

ரோஜா பூங்கா பற்றிச் சுருக்கமாக. 1995-ல், நூறாவது மலர்க் கண்காட்சியின் நினைவாக எல்க் மலைச் சரிவில் ஐந்து வளைவு அடுக்குகளாக அமைத்தார்கள். 2006-ல் உலக ரோஜா சங்கங்களின் கூட்டமைப்பு சிறந்த பூங்கா விருது கொடுத்தது. ஏப்ரல், மே மாதங்களில் அருமை. தொடர் மழை பெய்தால் இதழ் பழுத்து மொட்டிலேயே அழுகும். அந்த வாரங்களில் போகவே வேண்டாம். நிழல் கிடையாது. மலை வெயில் குளிர்ச்சியாகத் தெரிந்தாலும் தோலைக் கருக்கும், தொப்பி அவசியம்.

நடைபாதைகள்: எது காடு, எது காடு மாதிரி?

நீலகிரியில் மரம் அடர்ந்த இடமெல்லாம் சோலைக்காடு, அதாவது இந்த மலையின் இயற்கையான காடு, அல்ல. ஊட்டியைச் சுற்றிப் பச்சையாகத் தெரிவதில் பெரும்பகுதி ஆங்கிலேயர் காலத்திலும் பிறகும் நட்ட சீகை (வாட்டில்), யூகலிப்டஸ், பைன், சைப்ரஸ். அடையாளம் எளிது. ஒரே வயது, ஒரே உயரம், நேர்க்கோடு, அடியில் சருகைத் தவிர ஒன்றும் இல்லை என்றால் நட்ட காடு. சோலையில் மரங்கள் குட்டை, தலை குடை போல உருண்டிருக்கும், கிளையெல்லாம் பாசியும் பெரணியும், இளந்தளிர் செம்மையாக மின்னும். கால் வைத்தால் மண் மெத்தென்று அமுங்கும்.

இந்த அளவுகோலில் கெய்ர்ன் ஹில்லையும் லாங்வுட் சோலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். கெய்ர்ன் ஹில் ஊட்டியிலிருந்து அவலாஞ்சி போகும் சாலையில், சுமார் 3 கிலோமீட்டரில். ஓங்கிய சைப்ரஸ் மரங்களின் நடுவே சீரான பாதை. ஏற்றம் குறைவு, நிழல் உண்டு. தாவரவியல் பூங்காவை முடித்த கையோடு போகலாம். மனதுக்கு இதம், ஆனால் பறவையும் பூச்சியும் குறைவு. நட்ட காட்டில் அவற்றுக்கு இரை அவ்வளவு இல்லை.

லாங்வுட் சோலை கோத்தகிரியை ஒட்டி, ஊரிலிருந்து 3 கிலோமீட்டருக்குள். 116 ஹெக்டேர்தான். சுற்றிலும் தேயிலையும் வீடுகளும் நெருக்க, நடுவில் தீவு மாதிரி தப்பிப் பிழைத்த சோலை. சுற்றுக் கிராமங்களின் குடிநீர் இதன் ஊற்றிலிருந்து வருகிறது. 2024 ஜனவரியில் ராம்சார் தலமாகவும், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாகவும், அறிவிக்கப்பட்டது. மலை அணில், நீலகிரி காட்டுப்புறா, நீலகிரி சிரிப்பான், புதரடியில் துள்ளும் கறுப்பு–ஆரஞ்சு ஈப்பிடிப்பான் ஆகியவை இங்கே உண்டு. பறவைக்காக வருகிறவர் காலை 6.30-க்கும் 9-க்கும் நடுவில் உள்ளே இருக்க வேண்டும். பத்து மணிக்கு மேல் சத்தம் மட்டும் கேட்கும், உருவம் தெரியாது.

இங்கே தப்பு நடப்பது மூன்று இடத்தில். முதலாவது அனுமதி. வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே போகக்கூடாது. 2024 அக்டோபரில் தொடங்கிய தமிழ்நாடு மலையேற்றத் திட்டத்தின் 40 பாதைகளில் லாங்வுட்டும் கெய்ர்ன் ஹில்லும் எளிய வகையில் இருக்கின்றன. இணையத்தில் பதிவு செய்தால் வழிகாட்டியோடு போகலாம். காட்டுத்தீக் காலமான பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை மலையேற்றப் பாதைகளை மூடிவிடுவார்கள். 2018 மார்ச்சில் தேனி மாவட்டக் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறியவர்கள் உயிரிழந்த பிறகு இதில் சமரசம் கிடையாது. ஆக, மார்ச்சில் வருகிறவருக்குப் பூங்கா மட்டும்தான் மிச்சம்.

இரண்டாவது, அட்டை. மழைக்காலத்தில் சோலைக்குள் ஓர் இடத்தில் ஒரு நிமிடம் நின்றால் காலணியில் ஏறிவிடும். கால்சட்டை நுனியைக் காலுறைக்குள் செருகுங்கள். காலுறையின் வெளிப்பக்கம் உப்போ ஈரச் சோப்போ தேய்த்துக்கொள்ளுங்கள். ஒட்டிய அட்டையைப் பிய்க்காமல் நகத்தால் பக்கவாட்டில் தள்ளிவிடுங்கள். மூன்றாவது, காஞ்சொறி. பாதையோரம் இடுப்பளவு வளரும், இலை விளிம்பு பல் பல்லாக இருக்கும். கை பட்டால் சில மணி நேரம் எரியும். வழுக்கும்போது பிடிமானத்துக்குச் செடியைப் பற்றுகிறவர்கள்தான் மாட்டிக்கொள்வார்கள். கையில் ஒரு கோல் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

தொட்டபெட்டா 2,637 மீட்டர், நீலகிரியின் உச்சி. ஆனால் கிட்டத்தட்ட மேல் வரை தார்ச்சாலை. அதை நடைபாதை என்று சொல்வது கஷ்டம். தெளிவான காலையில் காட்சிக்காகப் போகலாம், முற்பகலிலேயே மேகம் மூடிவிடும். குன்னூர்ப் பக்கம் லேம்ஸ் ராக்கும் டால்பின் நோஸும் ஒரே சாலையில், முறையே ஊரிலிருந்து சுமார் 8, 12 கிலோமீட்டரில். டால்பின் நோஸில் எதிர்ச் சரிவில் கேத்தரின் அருவி தெரியும். காரை நிறுத்திப் பார்த்துவிட்டு வரும் இடம் அது. நடக்க விரும்புகிறவருக்கு லேம்ஸ் ராக் மேல். பாறை வரை மரநிழலில் சின்ன நடை உண்டு, கூட்டமும் குறைவு. விளிம்புக் கம்பிக்கு வெளியே மட்டும் கால் வைக்காதீர்கள், பாசி படிந்த பாறை பிடி கொடுக்காது.

எதோடு எதைச் சேர்ப்பது

ஊட்டிப் பக்கம் என்றால் காலை 7 மணிக்குத் தாவரவியல் பூங்கா, இரண்டரை மணி நேரம். பிறகு கெய்ர்ன் ஹில். கிழக்குப் பக்கம் என்றால் வரிசையை மாற்றுங்கள்: விடியலில் லாங்வுட், பிறகு கோத்தகிரியிலிருந்து குன்னூர் போகும் பேருந்தில் ஏறி சிம்ஸ் பூங்காவில் இறங்கலாம், அந்தச் சாலை பூங்காவை ஒட்டியே போகிறது. கார் இல்லாதவருக்கு இதை விடச் சுலபமான இணை நீலகிரியில் கிடையாது. இரண்டாவது சேர்க்கைதான் மேல் என்று தயங்காமல் சொல்லலாம். கண்காட்சி வாரங்களும் நவம்பர் மழையும் காட்டுத்தீக் கால மூடலும் மட்டும் விலக்கு.

லாங்வுட்டுக்கும் அதைச் சுற்றிய தேயிலைத் தோட்டங்களுக்கும் போகிறவர் காட்டெருமையையும் கரடியையும் மனதில் வைக்க வேண்டும். காலை ஆறுக்கு முன்னும் மாலை ஐந்தரைக்குப் பின்னும் தனியாக நடக்க வேண்டாம். காட்டெருமை தூரத்தில் சாதுவாக மேயும், அதற்காக நெருங்கிப் படம் எடுக்கக்கூடாது. நின்று, பின்வாங்கி, அது நகரும்வரை காத்திருங்கள்.

வண்டியில் வருகிறவருக்கு இ-பாஸ் (இணையத்தில் வாங்கும் நுழைவு அனுமதி) கட்டாயம். 2024 மே 7 முதல் நடைமுறையில் இருக்கிறது. 2025 கோடையில் ஊட்டிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனம் என்று உயர் நீதிமன்றம் உச்சவரம்பும் வைத்தது. சனிக்கிழமைக்கான பாஸை வெள்ளி இரவில் தேடினால் கிடைக்காமல் போகலாம். அரசுப் பேருந்திலோ மலை ரயிலிலோ வந்தால் பாஸ் கவலை இல்லை. தண்ணீர் பாட்டில் விஷயம் தனி. பிளாஸ்டிக் பாட்டிலை சோதனைச் சாவடியிலேயே வாங்கி வைத்துக்கொண்டு அபராதமும் போடுவார்கள். வீட்டிலிருந்து எவர்சில்வர் பாட்டில் ஒன்று எடுத்துக்கொண்டால், ஊருக்குள் இருக்கும் குடிநீர் இயந்திரங்களில் நிரப்பிக்கொள்ளலாம்.