நூற்றுக்கு நூறு வாங்கிய இணையதளம்: மீதிப் பணத்தைக் கொடுக்கும் முன் படியுங்கள்

இணையதளம் அமைத்துத் தருகிறோம் என்று வரும் நிறுவனம், பச்சை வட்டத்துக்குள் 100 என்ற எண்ணைக் காட்டி மீதித் தொகையைக் கேட்டால் உடனே கொடுத்துவிடாதீர்கள். அந்த வட்டத்துக்கு நாங்கள் கொடுத்த விலை அதிகம். நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இதே வித்தை தெரிந்தவர்கள் பலர் இருக்கிறார்கள். வித்தையைத் தெரிந்துகொண்டால்தான் தப்பிக்க முடியும்.

எங்களுடையது சக்கர நாற்காலி, ஊன்றுகோல், காற்று மெத்தை போன்றவற்றைத் தேவைப்படுவோருக்கு இரவலாகக் கொடுக்கும் சிறிய அமைப்பு. எங்களைத் தேடி வருபவர்களில் முதியவர்கள் உண்டு, பார்வையற்றவர்கள் உண்டு, கை நடுங்குபவர்கள் உண்டு, பெற்றோருக்காகப் பழைய கைப்பேசியில் படிவம் நிரப்பும் பிள்ளைகள் உண்டு. இதையெல்லாம் முதல் சந்திப்பிலேயே சொன்னோம். தளம் வேகமாகத் திறக்க வேண்டும், எல்லோராலும் பயன்படுத்த முடிய வேண்டும் என்று ஒப்பந்தத்திலும் எழுதினோம். தலையாட்டிக் கையெழுத்துப் போட்டார்கள்.

ஒப்படைக்கும் நாளில், இணையதளங்களைச் சோதித்து மதிப்பெண் போடும் கூகுளின் லைட்ஹவுஸ் கருவியின் அறிக்கையைத் திரையில் விரித்தார்கள். வேகம் 100, அணுகல்தன்மை (உடற்குறை உள்ளவர்களும் பயன்படுத்த முடிவது) 100. முகப்பில் புகைப்படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்துகொண்டிருந்தன. எல்லோரும் கைதட்டினோம்.

தளம் பொதுப் பயன்பாட்டுக்கு வந்ததும் தொலைபேசி ஓயவில்லை. "பொத்தானை அழுத்துகிறேன், ஒன்றும் நடக்கவில்லை" என்பதே பெரும்பாலோர் சொன்னது. நிறுவனத்திடம் கேட்டால், "அவர்களுடைய கைப்பேசி பழையதாக இருக்கும்" என்றார்கள். பழைய கைப்பேசிக்காரர்களுக்காகத்தானே தளமே! அந்தப் பதிலைக் கேட்டபோதே எனக்குச் சந்தேகம் தட்டியது. விவரம் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு உள்ளே பார்க்கச் சொன்னோம்.

நடந்தது இதுதான். லைட்ஹவுஸ் ஒரு பக்கத்தைத் திறந்து அளக்கும்போது எதையும் தொடாது, உருட்டாது, பொத்தானை அழுத்தாது. பக்கம் எவ்வளவு சீக்கிரம் கண்ணுக்குத் தெரிகிறது, அந்த நேரத்தில் உலாவி எவ்வளவு திணறுகிறது என்பதைத்தான் பார்க்கும். ஆகவே இவர்கள், யாராவது திரையைத் தொடும் வரை, பொத்தான்களையும் பட்டிகளையும் இயங்கவைக்கும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் கோப்புகள் எதையும் இறக்காமல் நிறுத்திவைத்துவிட்டார்கள். கருவி வந்து பார்க்கிறது, பக்கம் இறகுபோல் திறக்கிறது, நூறு மதிப்பெண். உண்மையான மனிதர் வந்து விரலை வைத்த நொடியில்தான் அத்தனை கோப்புகளும் முட்டிமோதிக்கொண்டு இறங்குகின்றன. அந்த முதல் அழுத்தம் காற்றில் போய்விடுகிறது. அவர் மறுபடி அழுத்துகிறார், மறுபடியும் அழுத்துகிறார், பிறகு எங்களுக்குப் போன் செய்கிறார்.

தொட்டபின் பக்கம் எவ்வளவு விரைவாக எதிர்வினை காட்டுகிறது என்பதற்குத் தனி அளவுகோல் இருக்கிறது. ஐஎன்பி என்பார்கள். 2024 மார்ச்சில் கூகுள் இதைத் தன் முதன்மை அளவுகோல்களில் ஒன்றாக ஆக்கியது. 200 மில்லிநொடிக்குள் இருந்தால் நல்லது. 500-ஐத் தாண்டினால் மோசம். இந்த எண் உண்மையான பயனர்களின் உலாவிகளிலிருந்து திரட்டப்படுவது. இங்குதான் சிறிய அமைப்புகள் ஏமாறுகின்றன. போதுமான வருகையாளர்கள் இல்லாத தளத்துக்கு அந்தத் தகவலை கூகுள் வெளியிடுவதில்லை. இந்த அளவுகளைக் காட்டும் கூகுளின் பேஜ்ஸ்பீடு இன்சைட்ஸ் பக்கத்தில் உண்மைப் பயனர் பகுதி வெறுமையாகவே இருக்கும். கீழே இருக்கும் லைட்ஹவுஸின் சோதனைக்கூட மதிப்பெண் மட்டும் பச்சையாக மின்னும். நம்மிடம் காட்டப்படுவதும் அதுதான். அதையும் கணினிப் பகுதியில் காட்டுகிறார்களா, கைப்பேசிப் பகுதியில் காட்டுகிறார்களா என்று பாருங்கள். கைப்பேசிச் சோதனையில் மந்தமான இணைப்பையும் வலுக்குறைந்த செயலியையும் கருவி பாவனை செய்யும். கணினிச் சோதனையில் அந்தக் கெடுபிடி இல்லை.

வேகத்தைப் பற்றிய கோபமாவது ஆறிவிடும். அணுகல்தன்மைக்கு அவர்கள் வாங்கிய நூறுதான் என்னால் மறக்க முடியாதது.

எங்களிடம் அடிக்கடி கருவிகள் பெறும் பார்வையற்ற நண்பர் ஒருவர் திரையில் உள்ளதைக் குரலில் படித்துக்காட்டும் என்விடிஏ திரைவாசிப்பானுடன் தளத்தைத் திறந்தார். 2006-இலிருந்து இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள் அது. வடிவமைப்பாளர் யாரும் அதை நிறுவிப் பார்க்கப் பைசா செலவில்லை. புகைப்படம் ஒவ்வொன்றுக்கும் அவருக்குக் கேட்டது "படம்", "படம்", "படம்". படத்தில் என்ன இருக்கிறது என்று எழுதிவைக்கும் மாற்றுரை என்ற இடம் காலியாக இல்லாவிட்டால் லைட்ஹவுஸ் கருவிக்குப் போதும். அதில் எழுதியிருப்பதற்குப் பொருள் உண்டா என்று அது பார்க்காது. "முன்பதிவு செய்க" என்பது பொத்தானே இல்லை. பொத்தான்போல் வண்ணம் பூசிய வெறும் பெட்டி. சுட்டியால் சொடுக்கினால் வேலை செய்யும், விசைப்பலகையால் அங்கே போகவே முடியாது. தமிழில் இருக்கும் பக்கத்தின் மொழியை ஆங்கிலம் என்று நிரலில் குறித்திருந்தார்கள். திரைவாசிப்பான் அதை நம்பி ஆங்கிலக் குரலிடம் தமிழைக் கொடுத்தது. அந்தக் குரல் பாதியைத் தாண்டிப் போனது, மீதியை உளறியது. மொழி என்ன என்று குறித்திருக்கிறதா என்பதைத்தான் கருவி பார்க்கும், அது சரியான மொழியா என்று பார்க்காது. வினாத்தாளை முன்கூட்டியே பார்த்துவிட்ட மாணவனைப்போல, எதற்கு மதிப்பெண் உண்டோ அதற்கு மட்டும் விடை எழுதியிருக்கிறார்கள்.

படிவம் தனிக்கதை. தவறாக நிரப்பினால் கட்டத்தின் ஓரம் சிவப்பாகும், அவ்வளவுதான். சிவப்பைப் பிரித்தறிய முடியாதவருக்கு என்ன தவறு என்றே தெரியாது. கடைசியில், நிரப்புவது மனிதர்தானா என்று சோதிக்க, கோணல்மாணலாக எழுதிய எழுத்துகளைப் பார்த்துத் தட்டச்சு செய்யச் சொல்லும் படம். அதற்கு ஒலி வழி மாற்று எதுவும் இல்லை. பார்வையற்றவர் அங்கேயே நின்றுவிட வேண்டியதுதான். இப்படிப்பட்ட சோதனைக்கு வேறு புலன் வழியாகவும் மாற்று தர வேண்டும் என்பது 2008-இல் வெளியான டபிள்யூசிஏஜி 2.0 என்ற இணைய அணுகல்தன்மை வழிகாட்டியிலேயே இருக்கிறது. புதிதாக வந்த கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை.

இத்தனையையும் எழுதி அனுப்பினோம். திருத்தித் தருவார்கள் என்று எதிர்பார்த்த இடத்தில் இன்னொரு விலைப்பட்டியல் வந்தது. ஒரே ஒரு வரி நிரலைச் சேர்த்தால் தளம் முழுவதும் தானாக வழிகாட்டிக்குப் பொருந்திவிடுமாம். ஆண்டுச் சந்தா மட்டும் கட்டினால் போதுமாம். சோதனைக்கென்று பொருத்தியும் காட்டினார்கள். மூலையில் ஒரு மனித உருவச் சின்னம், அதை அழுத்தினால் எழுத்தைப் பெரிதாக்க, நிறத்தை மாற்ற என்று ஒரு பலகை. எழுத்தைப் பெரிதாக்க உலாவியிலேயே வசதி இருக்கிறது. திரைவாசிப்பான் பயன்படுத்துபவர் அதைத் தன் கணினியில் ஏற்கெனவே தனக்கு ஏற்றபடி அமைத்து வைத்திருக்கிறார். இந்தப் பலகை குறுக்கே புகுந்து அவருடைய அமைப்பைக் குழப்பியது. வண்ணம் பூசிய பெட்டி அப்போதும் பொத்தானாக மாறவில்லை. அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2025 ஜனவரியில், இந்த வகைப் பொருளை விற்கும் ஒரு நிறுவனம் எந்தத் தளத்தையும் வழிகாட்டிக்குப் பொருந்தச் செய்யும் என்று விளம்பரம் செய்ததற்காக அதன்மீது நடவடிக்கை எடுத்து, பத்து லட்சம் டாலர் கட்டச் சொன்னது. அந்தச் செய்தியை அனுப்பிக் கேட்டேன். "அது வேறு நிறுவனம்" என்று ஒரு வரியில் பதில்.

நீங்கள் இப்போது யாரிடமாவது வேலை கொடுத்திருந்தால், கடைசித் தவணைக்கு முன் சுட்டியை எடுத்து ஓரமாக வையுங்கள். டேப் விசையை மட்டும் அழுத்தி முகப்பிலிருந்து படிவம் வரை போய், நிரப்பி, அனுப்பிப் பாருங்கள். எந்த இடத்தில் நிற்கிறீர்கள் என்பதைக் காட்டும் கோடு கண்ணுக்குத் தெரிய வேண்டும். அழகுக்காக அதை அழித்துவிடும் பழக்கம் வடிவமைப்பாளர்களிடம் உண்டு. பக்கத்தை 400 விழுக்காடு அளவுக்குப் பெரிதாக்குங்கள். ஒவ்வொரு வரியையும் படிக்க இடமும் வலமும் நகர்த்த வேண்டியிருந்தால் வேலை முடியவில்லை என்று பொருள். புகைப்படத்தின் மேல் எழுத்து வைத்திருந்தால் சந்தேகப்படுங்கள்: சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5-க்கு 1 என்ற ஒளிர்வு வேறுபாடாவது வேண்டும், ஆனால் பின்னணி படமாக இருந்தால் தானியங்கிக் கருவிகள் பெரும்பாலும் முடிவு சொல்லாமல் நகர்ந்துவிடும். வீட்டிலேயே மெதுவான கைப்பேசி எதுவோ, அதில் திறந்து முதல் அழுத்தத்திலேயே பட்டி விரிகிறதா என்று பாருங்கள். இவையெல்லாம் ஒரு மாலைப்பொழுதில் முடியும். தளத்தை யாருக்காகச் செய்கிறீர்களோ அவர்களில் சிலரை உட்காரவைத்துப் பார்ப்பதற்கு ஈடு எதுவும் இல்லை. அவர்களுடைய நேரத்துக்குப் பணம் கொடுங்கள்.

ஒப்பந்தத்தில் "எல்லோராலும் பயன்படுத்த முடிய வேண்டும்" என்று எழுதினால் போதாது. எங்களுக்கு அது உதவவில்லை, "எங்களால் முடிகிறதே" என்று வாதாடினார்கள். டபிள்யூசிஏஜி 2.2, டபுள் ஏ நிலை (வழிகாட்டியின் மூன்று நிலைகளில் நடுவில் உள்ளது) என்று பதிப்போடு எழுதுங்கள். பெயர் குறிப்பிட்ட திரைவாசிப்பான் ஒன்றில் படிவத்தை நிரப்பி அனுப்ப முடிந்த பிறகே கடைசித் தவணை என்று சேருங்கள். புதிதாக வேலையை எடுத்துக்கொண்டவர் இந்த இரண்டு வரிகளையும் மறுபேச்சின்றி ஏற்றுக்கொண்டார். நகரும் படங்களை நீக்கினார், ஜாவாஸ்கிரிப்ட் இல்லாமலே அனுப்பக்கூடிய எளிய படிவம் ஒன்றை வைத்தார். வேகத்துக்கு 94 வருகிறது. அந்த ஆறு மதிப்பெண்ணைப் பற்றி யாரும் போன் செய்யவில்லை.

எங்களுக்கு இன்னும் தீராதது டொமைன் தகராறு. தளத்தின் முகவரியைப் பழைய நிறுவனம் தன் மின்னஞ்சல் கணக்கில் பதிவு செய்துவைத்திருக்கிறது, நாங்கள் நிறுத்திவைத்த தவணையைக் கொடுத்தால்தான் மாற்றித் தருவோம் என்கிறது. அதனால் புதிய தளம் இப்போதைக்கு வேறு முகவரியில் ஓடுகிறது. உங்கள் டொமைன் எந்த மின்னஞ்சலின் பெயரில் இருக்கிறது, அந்தக் கணக்கின் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது என்பதைச் சண்டை வருவதற்கு முன்பே கேட்டு வாங்கிவிடுங்கள்.