அடையாள அட்டையா, கடவுச்சீட்டா, விசாவா: பிரேசிலியர்களின் வெளிநாட்டுப் பயண வழிகள்

அமேசான் காட்டின் நடுவே இருக்கும் மனௌஸ் நகரத்துக் குடும்பம் ஒன்று விடுமுறைக்கு வெளிநாடு போக நினைத்தால், அதன் முன்னால் மூன்று வகை நாடுகள் இருக்கின்றன. வீட்டில் இருக்கும் அடையாள அட்டையைக் காட்டினாலே உள்ளே விடும் நாடுகள் ஒரு வகை. கடவுச்சீட்டு இருந்தால் போதும் என்பவை இரண்டாம் வகை. முன்கூட்டியே விசா வாங்கியிருந்தால்தான் விமானத்தில் ஏறவே முடியும் என்பவை மூன்றாம் வகை. இவற்றை எளிது, நடுத்தரம், கடினம் என்று வரிசைப்படுத்துவது வழக்கம். அந்த வரிசை பாதி உண்மைதான் என்பது என் கருத்து. உள்ளே விடலாமா என்ற முடிவை யார், எந்த இடத்தில், எப்போது எடுக்கிறார் என்று பார்த்தால்தான் இந்த மூன்றுக்கும் உள்ள வேறுபாடு விளங்கும்.

முதல் வகையில் அர்ஜென்டினா, உருகுவே, பராகுவே, சிலி, பொலிவியா, பெரு, கொலம்பியா, ஈக்வடார் ஆகியவை அடங்கும். தென் அமெரிக்க நாடுகளின் மெர்கோசூர் வணிகக் கூட்டமைப்பும் அதனோடு இணைந்த நாடுகளும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, பிரேசிலின் பொது அடையாள அட்டையோடு சுற்றுலாப் பயணியாக இங்கெல்லாம் நுழையலாம். பொதுவாக 90 நாள் வரை தங்கலாம். கடவுச்சீட்டுக்குக் கட்ட வேண்டிய 257.25 பிரேசில் ரியால் இந்த வழியில் மிச்சம். நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு அது ஆயிரம் ரியாலைத் தாண்டும் தொகை என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

ஆனால் 'அடையாள அட்டை' என்ற சொல்லில்தான் பலர் தடுமாறுகிறார்கள். ஓட்டுநர் உரிமமும், வழக்கறிஞர் அல்லது மருத்துவர் சங்கங்கள் தரும் தொழில் அட்டையும் பிரேசிலுக்குள் அடையாளச் சான்றாகச் செல்லும், எல்லையில் செல்லாது. பழைய மாநில அட்டைகளில் காலாவதித் தேதி இல்லாததால், சிறுவயதில் எடுத்த அட்டையையே நாற்பது வயதிலும் வைத்திருப்பவர்கள் உண்டு. படத்தில் இருப்பவரும் எதிரே நிற்பவரும் ஒருவர்தான் என்று அதிகாரிக்குத் தோன்றாவிட்டால் பயணம் அங்கேயே நின்றுவிடும். அதனால்தான் பத்து ஆண்டுக்கு மேற்பட்ட அட்டையோடு கிளம்ப வேண்டாம் என்று அறிவுறுத்தப்படுகிறது. 2022-இல் வந்த ஆணையின்படி வழங்கப்படும் புதிய தேசிய அடையாள அட்டை இந்தக் குழப்பத்தைப் பெரிதும் தீர்க்கிறது. நாடு முழுவதற்கும் ஒரே எண், 12 முதல் 59 வயது வரையுள்ளோருக்குப் பத்து ஆண்டுச் செல்லுபடி, கடவுச்சீட்டில் இருப்பது போன்ற இயந்திரம் படிக்கும் வரிகள் ஆகியவை அதில் உள்ளன. அண்டை நாட்டுப் பயணம் மட்டும் போதும் என்பவர் கடவுச்சீட்டுக்கு அலைவதைவிட இந்த அட்டையை எடுத்துவிடுவதே மேல்.

நில எல்லையில் இன்னொரு கவனம் தேவை. பிரேசிலின் எல்லை ஊரான ஃபோஸ் தோ இகுவாசுவிலிருந்து நட்புப் பாலத்தைக் கடந்து பராகுவேயின் சியுடாட் டெல் எஸ்டேவுக்குப் பொருள் வாங்கப் போகிறவர்களை எவரும் நிறுத்துவதில்லை. அதே பழக்கத்தில், குடிவரவு அலுவலகத்தில் நுழைவைப் பதிவு செய்யாமல் பேருந்தேறித் தலைநகர் அசுன்சியோன் வரை போய்விடுபவர் திரும்பும்போது அபராதம் கட்ட நேரும். இந்த வழியில் முடிவு எல்லையில் எடுக்கப்படுகிறது என்றாலும், கேள்விகள் குறைவு, திருப்பி அனுப்பப்படும் அச்சமும் குறைவு.

இரண்டாம் வகையில் ஐரோப்பாவே பெரிது. தங்களுக்குள் எல்லைச் சோதனையை நீக்கிக்கொண்ட 29 நாடுகள் கொண்ட ஷெங்கன் பகுதியில் பிரேசிலியர்கள் எந்த 180 நாள் காலத்திலும் மொத்தம் 90 நாள் விசா இல்லாமல் தங்கலாம். கணக்கு நாட்டுக்கு நாடு தனித்தனியானதன்று. லிஸ்பனில் கழித்த நாளும் ரோமில் கழித்த நாளும் ஒரே கணக்கில் சேரும், நுழையும் நாளும் வெளியேறும் நாளும் முழு நாள்களே. ஜனவரி 10 அன்று நுழைந்து சாதாரண ஆண்டில் ஏப்ரல் 9 அன்று வெளியேறுபவர் தொண்ணூறையும் தீர்த்துவிட்டார். அவர் மறுபடி கால் வைக்க ஜூலை 9 வரை காத்திருக்க வேண்டும். மூன்று மாதம் முடிந்ததும் ஒரு வாரம் வெளியே போய்வந்தால் கணக்கு புதிதாகத் தொடங்கும் என்ற நம்பிக்கை தவறானது. 2025 அக்டோபர் 12 அன்று தொடங்கிய மின்னணு நுழைவு வெளியேற்றப் பதிவு முறை முத்திரைக்குப் பதிலாகக் கைரேகையையும் முகப்படத்தையும் பதிகிறது. ஒரு நாள் மிகுந்தாலும் கணினி காட்டிவிடும்.

விசா இல்லை என்பதற்குச் சோதனை இல்லை என்று பொருள் கொள்வதுதான் ஐரோப்பாப் பயணத்தில் மிகப் பெரிய பிழை. தங்குமிடம் எங்கே, திரும்பும் பயணச்சீட்டு எங்கே, செலவுக்குப் பணம் எங்கே என்று கேட்க எல்லை அதிகாரிக்கு முழு உரிமை உண்டு. விடை திருப்தி தராவிட்டால் பயணி வந்த வழியே அனுப்பப்படுவார். பயணச்சீட்டு, விடுதி என எல்லாவற்றுக்கும் செலவு செய்து, பத்து மணி நேரம் பறந்து சென்றபின் கேட்கும் 'இல்லை' இது. அமெரிக்கத் தூதரகத்தில் கிடைக்கும் மறுப்பு அதனுடன் ஒப்பிட்டால் மலிவானது என்றே சொல்வேன். ஆகவே உறவினர் வீட்டில் தங்குபவர் அவர்களின் அழைப்புக் கடிதத்தையும், விடுதியில் தங்குபவர் முன்பதிவையும் அச்செடுத்துக் கையில் வைத்திருக்க வேண்டும். கடவுச்சீட்டு வெளியேறும் நாளுக்குப் பின்னும் மூன்று மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும்.

பிரிட்டன் இந்த வகையிலேயே சற்று வேறுபட்ட வழியைப் பிடித்திருக்கிறது. ஆறு மாதம் வரை விசா தேவையில்லை. ஆனால் 2025 ஜனவரி 8 முதல் பிரேசிலியர்கள் மின்னணுப் பயண அனுமதியை முன்கூட்டியே பெற வேண்டும். 10 பவுண்டாகத் தொடங்கிய கட்டணம் அதே ஆண்டு ஏப்ரலில் 16 பவுண்டாகியது. அனுமதி இரண்டு ஆண்டுகளுக்குப் பலமுறை பயன்படும். ஐரோப்பிய ஒன்றியமும் இதே போன்ற அனுமதியை 20 யூரோ கட்டணத்தில் கொண்டுவரத் திட்டமிட்டுள்ளது. இந்த அனுமதிகளைச் 'சின்ன விசா' என்று குறைகூறுகிறார்கள். முடிவின் ஒரு பகுதியாவது புறப்படுவதற்கு முன்பே தெரிந்துவிடுகிறது என்பதால் பயணிக்கு இது நன்மை என்றே நான் கருதுகிறேன்.

மூன்றாம் வகையின் தலைமை நாடு அமெரிக்கா. இணையத்தில் நீண்ட விண்ணப்பம், 185 டாலர் கட்டணம், கைரேகைப் பதிவு, பெரும்பாலானோருக்கு நேர்காணல் என்று நீளும் இந்த வழியில் பணத்தைவிடத் தூரமே ஏழையைத் தடுக்கிறது. விசா நேர்காணல் நடக்கும் இடங்கள் பிரேசிலியா, சாவோ பாவுலோ, ரியோ டி ஜெனிரோ, ரெசிஃபி, போர்ட்டோ அலெக்ரி ஆகியவை மட்டுமே. மனௌஸ் குடும்பம் சில நிமிட நேர்காணலுக்காகப் பிரேசிலியாவுக்குச் சுமார் 1,900 கிலோமீட்டர் பறந்தாக வேண்டும். விசா மறுக்கப்பட்டாலும் கட்டணம் திரும்பாது. நியாயமான ஏற்பாடு இதுவன்று. விசா மறுப்பு விகிதம் மூன்று விழுக்காட்டுக்குக் குறைந்தால்தான் ஒரு நாடு அமெரிக்காவின் விசா விலக்குத் திட்டத்தில் சேர முடியும். பிரேசில் இன்னும் அதில் இல்லை.

இருந்தும் இந்த விசாவுக்கு ஈடில்லாத மதிப்பு ஒன்று உண்டு. பிரேசிலியர்களுக்கு அது வழக்கமாகப் பத்து ஆண்டுக்குக் கிடைக்கிறது. அதோடு மற்ற கதவுகளையும் திறக்கிறது. செல்லுபடியாகும் அமெரிக்கச் சுற்றுலா விசா வைத்திருக்கும் பிரேசிலியர், கனடாவுக்கு விமானத்தில் செல்ல 7 கனடா டாலரில் மின்னணு அனுமதி பெறலாம். அதுவும் இல்லாமல், கடந்த பத்து ஆண்டில் கனடா விசாவும் பெறாதவர் 100 கனடா டாலர் கட்டி, கைரேகைக்கு 85 கனடா டாலர் கட்டி, முழு விசா வாங்க வேண்டும். இந்தச் சலுகை விமானத்துக்கு மட்டுமே. அமெரிக்காவிலிருந்து காரில் நயாகராவைக் கடக்க நினைப்பவருக்குக் கனடா விசாவே வேண்டும். மெக்சிகோ 2022 ஆகஸ்டில் பிரேசிலியர்களுக்குக் கடவுச்சீட்டில் ஒட்டப்படும் விசாவைக் கட்டாயமாக்கியபோதும், அமெரிக்க விசா உள்ளவர்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆகவே பத்து ஆண்டுக்குள் இரண்டு முறையாவது வட அமெரிக்கா போகும் எண்ணம் உள்ளவருக்கு இந்தச் சிரமம் தகும். ஒரே ஒரு முறை போய்வர நினைப்பவருக்கு ஐரோப்பாவே தக்கது.

ஐரோப்பாவுக்கோ ஜப்பானுக்கோ போகும்போது மயாமி வழியாகவும் ஹூஸ்டன் வழியாகவும் மலிவான பயணச்சீட்டு கண்ணில் படும். அமெரிக்காவில் விமானம் மாறுவதற்குக்கூட நாட்டுக்குள் நுழைய அனுமதி வேண்டும், அதாவது விசா வேண்டும் என்பதை அறியாமல் அதை வாங்குபவரை விமான நிறுவனம் புறப்படும் இடத்திலேயே நிறுத்திவிடும்.

விசா விதிகள் இயற்கை விதிகள் அல்ல. அரசுகள் பேசி மாற்றுபவை. பிரேசில் 'நீ கேட்டால் நானும் கேட்பேன்' என்ற சமநிலைக் கொள்கையை நீண்ட நாளாகப் பின்பற்றுகிறது. 2019-இல் அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, ஜப்பான் நாட்டவருக்கு எதையும் கேட்டுப் பெறாமலே விலக்கு அளித்தது. பின்வந்த அரசு விசாவை மீட்டுக் கொண்டுவர முடிவெடுத்தபோது ஜப்பான் மட்டும் பேச்சுக்கு வந்தது. 2023 செப்டம்பர் 30 முதல் இரு நாட்டவரும் 90 நாள் விசா இல்லாமல் போய்வருகிறார்கள். ஏறத்தாழ இரண்டு லட்சம் பிரேசிலியர்கள் வாழும் நாடு ஜப்பான் என்பதால் இது பல குடும்பங்களைச் சேர்த்துவைத்த முடிவு. மற்ற மூன்று நாட்டவருக்கும் 2025 ஏப்ரல் 10 முதல் பிரேசில் விசா கட்டாயமாயிற்று.

விதி எவ்வளவு விந்தையாகவும் மனத்தை உறுத்துவதாகவும் அமையலாம் என்பதற்கு வடக்கே ஓயாப்போக் ஆறு சான்று. அக்கரை பிரெஞ்சு கயானா, பிரான்சின் ஒரு பகுதி. ஆனால் ஷெங்கனுக்குள் இல்லை. பாரிசுக்கு விசா இல்லாமல் போகும் பிரேசிலியரிடம், 2017-இல் ஆற்றின் மேல் பாலம் திறக்கப்பட்டபோது, எதிர்க்கரை ஊருக்குப் போக விசா கேட்கப்பட்டது. எல்லை ஊர்க்காரர்களுக்குத் தனி அட்டை இருந்தாலும், அது அக்கரை ஊரோடு நின்றுவிட்டது. பிரெஞ்சுக்காரர் மறுபக்கத்திலிருந்து தடையின்றி வந்தார். இரு அரசுகளும் சேர்ந்து கட்டிய பாலத்தில் ஒரு கரையார் மட்டும் தடையின்றி நடப்பதை நியாயம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

விசாவுக்கு அப்பால் இரண்டு தாள்கள் எல்லா வகைக்கும் பொது. ஒன்று, மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று. தென்னாப்பிரிக்காவுக்கு விசா வேண்டாம், இந்தியாவுக்கு மின்னணு விசா போதும். ஆனால் பிரேசிலிலிருந்து வருபவரிடம் இரண்டும் இந்தச் சான்றைக் கேட்கும். ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்தே அது செல்லும் என்பதால் கடைசி வாரத்தில் நினைவு வந்து பயனில்லை.

மற்றொன்று, பிள்ளைகளின் அனுமதித் தாள். தாயோ தந்தையோ ஒருவரோடு மட்டும் வெளிநாடு போகும் 18 வயதுக்குட்பட்டவருக்கு, மற்றவரின் எழுத்துமூலமான ஒப்புதல், கையொப்பம் சான்றளிக்கப்பட்ட நிலையில், கையில் இருக்க வேண்டும். கடவுச்சீட்டு எடுக்கும்போதே அந்த ஒப்புதலை அதன் பக்கத்தில் அச்சிடச் செய்யவும் வழி உண்டு. அடையாள அட்டையோடு புவெனஸ் ஐரிஸ் போகும் பிள்ளைக்கு அந்த வசதி இல்லை, தாள் தனியாகவே வேண்டும். இதைச் சோதிப்பது எந்த அயல்நாட்டு அதிகாரியும் அல்லர். புறப்படும் விமான நிலையத்தில் நிற்கும் பிரேசில் கூட்டாட்சிக் காவல்துறை.