அடுப்பில்லாச் சமையலா, அடுப்புச் சமையலா?

காலையில் பழமும் தேங்காய்ப்பாலும், மதியம் முளைகட்டிய பயறும் துருவிய கேரட்டும், இரவில் மறுபடியும் பழம். 'அடுப்பில்லாச் சமையல்' என்று நம் ஊரில் பரவியிருக்கும் முறை பெரும்பாலும் இதுதான். ஒருவேளை மட்டும் இப்படிச் சாப்பிட்டால் நல்லதுதான். மூன்று வேளையும், வருடக்கணக்கில், சூடுபட்ட எதையும் தொடமாட்டேன் என்பவர்களை நினைத்துத்தான் எனக்குக் கவலை. அந்த முறையையும், சாதம், குழம்பு, பொரியலோடு ஒரு கிண்ணம் பச்சைக் காய்கறியும் சேர்த்துச் சாப்பிடும் முறையையும் ஒப்பிட்டுப் பார்ப்போம்.

பச்சை உணவுக்காரர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. வைட்டமின் சி சூட்டில் குறையும். காயை வேகவைத்த தண்ணீரை வடித்துக் கொட்டினால் இன்னும் போகும். இந்த முறைக்கு மாறிய சில வாரங்களில் எடை இறங்குகிறது, மலச்சிக்கல் தீர்கிறது என்பதும் சரிதான். ஆனால் மாறிய அன்றே பரோட்டா, பஜ்ஜி, பிஸ்கட், சர்க்கரை போட்ட காபி எல்லாம் நின்றுபோகின்றன, நார்ச்சத்து கூடுகிறது. பலனில் பெரும்பங்கு அதனால் வருவது. அதற்காகச் சாம்பாரையும் கீரை மசியலையும் விட வேண்டியதில்லை. சமைத்தால் செரிமானத்துக்கு உதவும் என்சைம் அழிந்துவிடும் என்பார்கள். காய்கறியில் உள்ள என்சைம் பெரும்பாலும் வயிற்று அமிலத்தில் சிதைந்துவிடும். செரிமானத்துக்கு வேண்டியதை நம் உடம்பே சுரக்கிறது.

சத்துக் கணக்கிலும் சமையல் தோற்கவில்லை. தக்காளிக்குச் சிவப்பு நிறம் தரும் லைகோபீன் என்ற சத்து எண்ணெயில் வதங்கும்போதுதான் உடம்பில் நன்றாகச் சேரும். உடம்பில் வைட்டமின் ஏ-ஆக மாறும் கேரட்டின் பீட்டா கரோட்டினும் அப்படித்தான்; கடுகு தாளித்துச் சுண்ட வதக்கிய கேரட் பொரியல் இந்த விஷயத்தில் பச்சைக் கேரட்டை முந்திவிடும். இட்லி மாவு புளிக்கும்போது, இரும்புச்சத்து உடம்பில் சேரவிடாமல் தடுக்கும் ஃபைட்டேட் குறைகிறது.

நீண்டகால விளைவுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. ஜெர்மனியின் கீஸன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பச்சை உணவுக்காரர்கள் 500-க்கும் மேற்பட்டோரை ஆராய்ந்து 1999-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். 45 வயதுக்கு உட்பட்ட பெண்களில் சுமார் 30 சதவீதம் பேருக்கு மாதவிடாய் தவறியிருந்தது அல்லது முழுவதும் நின்றிருந்தது. பச்சை உணவின் பங்கு கூடக்கூட இந்தச் சிக்கலும் கூடியது. வயிறு நிறைந்தாலும் உடம்புக்கு வேண்டிய கலோரி சேரவில்லை என்பதன் அடையாளம் இது. 100 கிராம் வெள்ளரிக்காயில் 15 கலோரி அளவுதான் இருக்கிறது! 2005-இல் வெளிவந்த இன்னோர் ஆய்வில் பச்சை உணவுக்காரர்களில் 38 சதவீதம் பேருக்கு வைட்டமின் பி12 குறைபாடு. சமைத்தே சாப்பிட்டாலும் பால், தயிர்கூடத் தொடாத வீகன்களும் மாத்திரை எடுக்காவிட்டால் இதே நிலைதான். தயிரும் மோரும் உள்ள நம் சாப்பாட்டில் கொஞ்சமாவது பி12 கிடைக்கும். காய்ச்சாத பாலை அதற்கு மாற்றாகச் சொல்வது ஆபத்து, புருசெல்லோசிஸ் காய்ச்சல் அதன் வழியாகவும் வரும்.

அடுத்து முளைப்பயறு. ஈரத்துணியில் கட்டி வெதுவெதுப்பான மூலையில் வைக்கிறோம். பயறு முளைவிட ஏற்ற அந்த ஈரமும் சூடும் கிருமி பெருகவும் ஏற்றவை. 2011-இல் ஜெர்மனியில் ஈ.கோலை கிருமி பரவி 3,000-க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள், 50-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காரணம் நமக்கு நன்கு பழக்கமான வெந்தயத்தின் முளை. விதையிலேயே கிருமி ஒட்டியிருந்தால் அலசினாலும் முழுதாகப் போகாது. ஆவி பறக்கும் இட்லிப் பானையில் நன்றாக வேகவைத்துவிட்டால் பயம் இல்லை. ராஜ்மாவை முளைகட்டியும் பச்சையாகச் சாப்பிடவே கூடாது. நாலைந்து கொட்டையே வாந்தி, வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடலாம். நன்றாகக் கொதித்தால்தான் அதிலுள்ள நச்சுப் புரதம் அழியும்.

செலவும் நேரமும் பெரிய விஷயமில்லை, வீட்டுக்கு வீடு மாறும். கல்யாணம், பயணம் என்று வெளியே போனால் மட்டும் பச்சை உணவுக்காரர்கள் பாடு கஷ்டம்.

என் தேர்வு இரண்டாவது முறை. நம் சமையலில் பச்சைக்கு எப்போதுமே இடம் உண்டு: வெள்ளரிப் பச்சடி, ராமநவமி வடைப்பருப்பு, நெல்லிக்காய், கொய்யா. மதியச் சாதத்தில் ஒரு கரண்டி குறைத்து, அந்த இடத்தில் இவற்றில் ஒன்றை வையுங்கள்.

கர்ப்பிணிகளும் வளரும் குழந்தைகளும் முழுப் பச்சை உணவுப் பக்கம் போகவே வேண்டாம். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் திடீரென்று மாறினால், சர்க்கரை இறங்கி மயக்கம் வரலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இளநீர், வாழைப்பழத்தின் பொட்டாசியமும் பச்சைக் கீரைச் சாற்றில் உள்ள, சிறுநீரகத்தில் கல்லாகப் படியக்கூடிய ஆக்சலேட்டும் கெடுதல். நட்சத்திரப் பழம் அவர்களுக்கு உயிராபத்து.