கணினி படிக்க எங்கே போவது: வன்னிப் பிள்ளைகளுக்கு ஓர் ஒப்பீடு

உயர்தரத்தில் கணிதப் பிரிவில் படித்து, பெறுபேறும் கையில் வந்ததும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வீட்டார் கேட்கிற கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: எந்தக் கம்பஸ்? அதற்கு முதல் எந்தப் படிப்பு என்று கேட்கவேண்டும். கணினி விஞ்ஞானம், கணினிப் பொறியியல், தகவல் தொழில்நுட்பம் மூன்றும் ஒன்றுதான் என்று நினைத்து விண்ணப்பத்தை நிரப்பிவிட்டு, இரண்டாம் வருடத்தில் தவிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள்.

கிட்ட இருப்பது அறிவியல் நகர். யாழ் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் கிளிநொச்சியிலேயே இருப்பதால் வீட்டிலிருந்து போய் வரலாம் என்ற எண்ணம் பலருக்கு உண்டு. ஆனால் உள்ளே போகப் பொறியியலுக்கான வெட்டுப்புள்ளி, அதாவது அனுமதிக்குத் தேவையான ஆகக் குறைந்த இசட் புள்ளி, வேண்டும். போனபிறகும் உடனே கணினி கிடையாது. முதலில் எல்லாப் பொறியியல் மாணவரும் படிக்கிற பொதுப் பாடங்கள், அதற்குப் பிறகுதான் துறை. கணினிப் பொறியியலிலும் நிரலாக்கத்தோடு இலத்திரனியல் சுற்றுகள், சமிக்ஞைகள் எல்லாம் வரும். பௌதிகவியலில் மின்னியல் அலகை விரும்பிப் படித்த பிள்ளைக்கு இது நல்ல இடம். வீட்டுக்குக் கிட்ட என்பதற்காக மட்டும் எடுக்கவேண்டாம்.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் யாழ் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தின் கணினி விஞ்ஞானத் துறை 1991 முதல் இருக்கிறது. இணைந்த கணிதத்தில் ஒரு கணக்கை இரண்டு வழியில் செய்துபார்த்து எது சுருக்கம் என்று யோசிக்கிற பிள்ளை என்றால், என் தெரிவு கணினி விஞ்ஞானம்தான். இந்தப் படிப்பின் உயிர் கணினி மொழிகளில் இல்லை. தரவுக் கட்டமைப்பு, அல்கொரிதம், பின்னகக் கணிதம் (discrete mathematics), பணிசெயல் முறைமை, ஆட்டோமேட்டா (கணிக்கும் இயந்திரங்களின் கணித மாதிரிகள்) போன்ற பாடங்களில் இருக்கிறது. இன்று வேலைக்குக் கேட்கிற மொழி ஐந்து வருடத்தில் மாறலாம். பத்து இலட்சம் பெயர்கள் உள்ள பட்டியலில் ஒரு பெயரை எப்படி விரைவாகத் தேடுவது என்ற யோசனை மாறாது. பட்டியல் அகரவரிசையில் இருந்தால் ஒவ்வொரு முறையும் பாதியைத் தள்ளிவிட்டு, அதிகம் போனால் இருபது ஒப்பீட்டில் கண்டுபிடித்துவிடலாம். இதைக் கேட்டதும் ஏன் இருபது என்று கணக்குப் போட்டுப் பார்க்கத் தோன்றினால், இது உங்களுக்கான துறை.

வவுனியா, பம்பைமடு: யாழ் பல்கலைக்கழகத்தின் வளாகமாக இருந்து 2021 ஆகஸ்ட் 1 முதல் தனிப் பல்கலைக்கழகம். கணினி சார்ந்த படிப்பு பிரயோக விஞ்ஞான பீடத்தில் இருக்கிறது. தொழில்நுட்பப் பிரிவில் உயர்தரம் செய்தவர்களுக்குத் தொழில்நுட்பவியல் கற்கைகள் பீடம் இருக்கிறது. கணிதப் பிரிவு இல்லையே என்று மனம் விடவேண்டியதில்லை. வலையமைப்பு, தரவுத்தளம், இணையச் செயலிகள் என்று கையால் செய்து பழக ஆசைப்படுகிறவருக்குத் தகவல் தொழில்நுட்பம் பொருந்தும்.

கொழும்பு என்றால் 2002 இல் உருவான கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியும், மொரட்டுவைப் பல்கலைக்கழகமும். மென்பொருள் நிறுவனங்கள் பெரும்பாலும் அந்தப் பக்கம் இருப்பதால் பயிற்சிக் காலத்துக்கு இடம் தேடுவது எளிது. செலவு கூடும். விரிவுரைக்குக் கட்டணம் இல்லையென்றாலும் அறை வாடகை, சாப்பாடு, பஸ் எல்லாம் சேரும்.

கொழும்பை வேண்டாம் என்கிறவர்கள் முதலில் சொல்வது ஆங்கிலம். தமிழில் உயர்தரம் படித்த பிள்ளைக்கு அந்தப் பயம் நியாயமானது. ஆனால் திருநெல்வேலியிலும் பம்பைமடுவிலும் விரிவுரை ஆங்கிலத்தில்தான், பரீட்சையும் ஆங்கிலத்தில்தான். வித்தியாசம் விரிவுரை முடிந்தபிறகு வருகிறது. இங்கே இரவில் விடுதியில் ஒரு அண்ணாவோ அக்காவோ தமிழில் விளங்கப்படுத்துவார். முதல் வருடத்தைத் தாண்ட அது பெரிய துணை. அங்கே அந்த விளக்கம் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ கிடைக்கும். கஷ்டம்தான், ஆனால் நாலாம் வருடத்தில் நேர்முகத்துக்குப் போகும்போது வாய் தடுமாறாது. யாழ்ப்பாணத்தைத் தெரிவு செய்கிறவர்கள் அந்தப் பேச்சுப் பழக்கத்தைத் தாங்களாகவே தேடிக்கொள்ளவேண்டும். பெறுபேறு வந்ததிலிருந்து கம்பஸ் தொடங்கும்வரை கிடைக்கிற மாதங்களை இதற்குத்தான் கொடுக்கச் சொல்வேன், நிரலாக்க வகுப்புக்கு அல்ல.

இசட் புள்ளி காணாதவர்களுக்கு அதே கொழும்புக் கணினிக் கல்லூரியின் பிஐடி என்கிற தகவல் தொழில்நுட்ப வெளிவாரிப் பட்டம் இருக்கிறது. மல்லாவியிலோ புதுக்குடியிருப்பிலோ இருந்தபடி இணையத்தில் படிக்கலாம், பிறகு பரீட்சை எழுதலாம். முதல் வருடத்தோடு நின்றால் டிப்ளோமா, இரண்டோடு நின்றால் உயர் டிப்ளோமா, மூன்றும் முடித்தால் பட்டம். கேட்க ஆளில்லாமல் தனியே படிக்கிற பழக்கம் வேண்டும். அது இல்லாதவர்கள் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து பதிவது நல்லது.

கடைசியாக, விண்ணப்பத்தில் வரிசை போடுவது. அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டம், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாக. கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா நான்கும் அதில் அடங்கும். சிறிய மாவட்டத்துக்கு வருகிற இடங்கள் மிகச் சில, அதனால் வெட்டுப்புள்ளி வருடத்துக்கு வருடம் நிறைய ஏறி இறங்கும். போன வருடப் புள்ளியைப் பார்த்து, கிடைக்காது என்று ஆசைப்பட்டதைக் கீழே இறக்கவேண்டாம். வரிசையில் உங்கள் புள்ளிக்குக் கிடைக்கிற மிக மேலான தெரிவுதான் தரப்படும். உண்மையில் விரும்புவதை முதலில் போடுவதால் அடுத்தது கைநழுவாது.