இரண்டு மெஷின், ஒரு குட்டியானை: ஏழு வருட மரவெட்டு அனுபவம்

2018 நவம்பர் 16, நள்ளிரவு தாண்டி கஜா புயல் கரையேறியபோது பேராவூரணிப் பக்கம் எங்கள் தோப்பில் 140 தென்னை இருந்தது. விடிந்தபோது நின்றது 19. விழுந்ததை அறுத்து அகற்ற ஆள் தேடி அலைந்தோம், கிடைக்கவில்லை. கடைசியில் நானும் சித்தப்பா மகனும் சேர்ந்து மரம் அறுக்கும் செயின்சா மெஷின் ஒன்று வாங்கினோம். எங்கள் தோப்பு முடிந்ததும் பக்கத்துத் தோப்பு, அடுத்த ஊர் என்று இதுவே பிழைப்பானது.

முதலில் வாங்கியது 7,500 ரூபாய்க்கு ஒரு 58 சிசி மெஷின். கம்பெனி பெயர் வேண்டாம். சூடாகிவிட்டால் அரை மணி நேரம் ஸ்டார்ட் ஆகாது. செயினுக்கு ஆயில் போவது நின்று, செயின் சுற்றி ஓடும் இரும்புப் பட்டையான பார் காய்ந்து நீலம் பாய்ந்தது. உதிரிப் பாகம் தேடியே பாதி நாள் போனது. ஐந்தாவது மாதம் பழைய இரும்புக்குப் போட்டோம். வருடத்துக்கு நாலு நாள் தன் தோப்பில் மட்டும் அறுப்பவருக்கு அது போதுமோ என்னவோ, கூலிக்கு ஆள் நிறுத்தி வேலை செய்பவருக்கு ஆகாது. மெஷின் நின்றாலும் நாலு பேர் கூலி நிற்காது.

2019இல் ஸ்டில் கம்பெனியின் எம்.எஸ். 250 எடுத்தேன். 45 சிசி, பார் இல்லாமல் நாலரை கிலோ சொச்சம். இன்றைக்கும் அதுதான் என் கை. கிளை கழிப்பது, தென்னை அறுப்பது, விறகுக்குத் துண்டு போடுவது எல்லாம் இதில்தான். இத்தனை வருடத்தில் ஒரே பெரிய செலவு, உதவிக்கு வந்த பையன் ஆயில் கலக்காத பெட்ரோலை ஊற்றி பிஸ்டன் கீறிப்போனது. 6,800 ரூபாய். இந்த மெஷினுக்கு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி 2டி ஆயில் (டூ-ஸ்ட்ரோக் இன்ஜின் ஆயில்) கலக்க வேண்டும், அதாவது ஐம்பதுக்கு ஒன்று. கலந்த கேனில் அன்றிலிருந்து சிவப்புத் துணி கட்டி வைக்கிறேன், துணி இல்லாத கேனை யாரும் தொடக்கூடாது. இப்போது பெட்ரோலில் எத்தனால் கலந்து வருவதால் இன்னொரு பழக்கமும் சேர்ந்தது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். அடைமழையில் மூன்று வாரம் வேலை இல்லை என்றால் டேங்கை வடித்துவிட்டு, தானாக அணையும்வரை ஓடவிட்டுத்தான் மூலையில் வைப்பேன்.

2021இல் அதே கம்பெனியின் எம்.எஸ். 382 வாங்கினேன். 72 சிசி. புளி, தூங்குமூஞ்சி அடிமரத்துக்கு அது இல்லாமல் முடியாது. ஆனால் பார், செயின் சேராமலே ஆறு கிலோவுக்கு மேல். இதை மரத்துக்கு மேலே கொண்டுபோக நான் விடுவதில்லை.

மெஷினைப் பற்றிக் கேட்பவர்கள் செயினைப் பற்றிக் கேட்பதில்லை. வேலையின் பாதி அரத்தில் இருக்கிறது. 250க்கு 4.8 மில்லிமீட்டர் உருண்டை அரம், 382க்கு 5.2. இரண்டு டேங்க் ஓடியதும் பல்லுக்கு மூன்று தள்ளு, எல்லாப் பல்லுக்கும் ஒரே எண்ணிக்கை. ஒரு பக்கம் கூடினால் வெட்டு வளைந்து போகும். அறுக்கும்போது கீழே விழுவதைப் பாருங்கள்: அவல் மாதிரிச் சீவல் வந்தால் பல் நன்றாக இருக்கிறது, மாவு மாதிரித் தூள் வந்தால் மழுங்கிவிட்டது. மழுங்கிய செயினை அழுத்தி அறுப்பவர்தான் மெஷினையும் கெடுக்கிறார், முதுகையும் கெடுத்துக்கொள்கிறார். தென்னையில் தூர்ப்பக்கம் மணல் ஒட்டியிருக்கும், கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்த பிறகே வாளை வைக்க வேண்டும். வீட்டு வேம்பில் கொடி கட்டிய ஆணி உள்ளே புதைந்திருக்கும். முதலிலேயே வீட்டுக்காரரிடம் கேட்டுவிடுவேன்.

வண்டி குட்டியானை, அதாவது டாடா ஏஸ். கட்டையின் எடைக்குப் பயப்பட வேண்டியதில்லை, தொல்லை தழையில்தான். எடையே இல்லாமல் வண்டியை நிறைத்துவிடும், கொட்ட இடமும் இருக்காது. தூங்குமூஞ்சி, வேம்பு, பூவரசு என்றால் முந்தின நாளே ஆடு வளர்ப்பவர்களுக்குப் போன் போட்டுவிடுகிறேன். அவர்களே வந்து அள்ளிக்கொள்கிறார்கள், எனக்கு இரண்டு நடை மிச்சம்.

இனிக் கூலிக்கு வருகிறேன். இதில்தான் நான் அதிகம் அடிபட்டேன். கஜாவுக்கு அரசு ஒரு தென்னைக்கு 600 இழப்பீடு, வெட்டி அகற்ற 500, ஆக 1,100 கொடுத்தது. அந்த 500 ஊர் மனதில் பதிந்துபோனது. போன வருடம்கூட ஒரு அம்மாச்சி, "ஏன் தம்பி, கவர்மெண்டே ஐநூறுதானே குடுத்துச்சு, நீ நாலாயிரம் கேக்குற?" என்றார். "அது தோப்புல கெடந்த மரம் ஆத்தா. இது உங்க ஓட்டுக்கு மேல நிக்குது" என்றேன். கொஞ்ச நேரம் மரத்தையும் ஓட்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சம்மதித்தார்.

அந்தப் பதிலைச் சொல்ல எனக்கே ஒரு நட்டம் தேவைப்பட்டது. 2020இல் ஓட்டு வீட்டின் மேல் சாய்ந்த ஒரு தூங்குமூஞ்சியை, பருமனை மட்டும் பார்த்து 9,000 சொன்னேன். ஒரு நாள் வேலை என்று கணக்கு. ஒவ்வொரு கிளையையும் வடம் கட்டி, கப்பியில் இறக்கியதில் மூன்று நாள் ஆனது. ஏறுகிறவர் இருவர், கீழே இருவர், கூலி மட்டும் 14,400. பெட்ரோல், ஆயில் 1,200. வண்டி 2,800. உடைந்த ஓட்டுக்கு 2,300. மொத்தம் 20,700. கட்டை விற்றது 5,500, பேசியது 9,000. கையைவிட்டுப் போனது 6,200.

இப்போது மரத்தைச் சுற்றி ஒரு நடை நடந்து, விழ இடம் இருக்கிறதா என்று முதலில் பார்க்கிறேன். பிறகு எத்தனை ஆள், எத்தனை நாள். ஒரு மெஷினுக்கு நாளுக்கு 600, அதில் பெட்ரோல், செயின், அடுத்த மெஷினுக்கான சேமிப்பு எல்லாம் அடக்கம். வண்டி நடை. மொத்தத்துக்கு மேல் ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துச் சொல்வேன். கட்டையை எங்களுக்கே விட்டால் மட்டும் கழித்துக்கொள்வேன், அதுவும் எடைமேடையில் ஏற்றின பிறகு. பச்சை மரத்தின் எடையைக் கண்ணால் சொல்லி ஏமாந்தது போதும்.

மின்கம்பி பக்கம் என்றால் இ.பி.யில் எழுதிக் கொடுத்து, லைன் நிறுத்தியதை நேரில் உறுதிசெய்த பிறகுதான் ஏறுவோம். அந்தக் காத்திருப்பும் கூலிக்கணக்கில் வரும். பனை என்றால் 2021 வேளாண் பட்ஜெட் அறிவிப்பிலிருந்து கலெக்டர் அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் வா என்பவரிடம் பேச்சை வளர்ப்பதே இல்லை.

மூன்றாவது மெஷின் வாங்கச் சொல்கிறான் தம்பி. எனக்கு மனம் வரவில்லை. புரட்டாசி பிறந்தால் மழைக்கு முன் கிளை கழிக்க வரிசையாகப் போன் வரும், அப்போது ஒரே நேரத்தில் இரண்டு பேரை மேலே ஏற்ற வேண்டியிருக்கிறது. எங்களிடம் முழு உடம்புக்குமான பெல்ட் ஒன்றுதான் உண்டு. இன்னொரு பெல்ட், 16 மில்லிமீட்டர் வடம் 50 மீட்டர், இரண்டு ஹெல்மெட். இந்த ஆவணிக்குள் அதைத்தான் வாங்கப்போகிறேன்.