பழவேற்காட்டுக் கல்லறைக் கற்கள்: சாய்வெயிலா, பக்கவாட்டு ஃப்ளாஷா?

பழவேற்காட்டு டச்சுக் கல்லறைத் தோட்டத்தில், வாசலில் செதுக்கிய எலும்புக்கூடுகளைப் படமெடுத்துவிட்டு உள்ளே வருகிறவர், தரையில் படுத்திருக்கும் எழுத்துக் கற்களை எந்த ஒளியில் எடுப்பது என்று முடிவு செய்தாக வேண்டும். நெடுநாள் காலை, மாலைச் சாய்வெயிலையே நம்பியிருந்த நான், இப்போது கேமராவிலிருந்து பிரித்துப் பக்கவாட்டில் பிடிக்கும் ஃப்ளாஷுக்கு மாறிவிட்டேன்.

வெயிலுக்குச் செலவில்லை, சுமையில்லை. நீளமான கல்லிலும் ஒளி சீராக விழும். ஃப்ளாஷுக்கு, கேமராவிலிருந்து தள்ளி இருந்தே அதை இயக்கும் டிரிக்கர் வேண்டும், பேட்டரி வேண்டும், பிடித்துக்கொள்ள இன்னொருவரும் வேண்டும்.

இவற்றையெல்லாம் மீறி என்னை மாற்றியது ஒளி வரும் திசை. சோழமண்டலக் கரையில் கருங்கல்லில் செதுக்கப்பட்டு, படேவியாவுக்கும் (இன்றைய ஜகார்த்தா) கப்பலேறிய வகையைச் சேர்ந்த இக்கற்களில், குலச்சின்னங்களும் டச்சு வாசகங்களும் புடைப்பாக நிற்கின்றன. தேய்ந்த எழுத்தைக் காட்டித் தருவது அதன் நிழல் மட்டுமே. ஒளியின் போக்கிலேயே ஓடும் கோட்டுக்கு நிழல் விழாது. 7 என்ற எண்ணின் மேற்கோடு அப்படி மறைந்தால், படத்தில் அது 1 ஆகி, இறந்த ஆண்டே மாறிவிடும். காலை வெயில் கிழக்கிலிருந்தும் மாலை வெயில் மேற்கிலிருந்தும்தான் வரும். அதுவும் நம் அட்சரேகையில் சூரியன் ஏறத்தாழ செங்குத்தாக ஏறுவதால், உதித்து ஒரு மணி நேரத்துக்குள் தொடுவானிலிருந்து சுமார் 15 பாகை உயரத்தைத் தொட்டு, பயன்படும் சாய்வை இழக்கத் தொடங்கிவிடும். ஃப்ளாஷ் என்றால், கேமராவின் இடத்தை மாற்றாமல் கல்லின் நான்கு பக்கங்களிலிருந்தும் ஒளியை வீசி நான்கு படங்கள் எடுத்து, ஐயமுள்ள எழுத்தை ஒன்றோடொன்று வைத்துப் படிக்கலாம். உச்சிவெயிலிலும் ஒரு கறுப்புக் குடையால் கல்லை மறைத்து, கேமராவில் ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 100, திறப்பு நேரம் 1/200 விநாடி, எஃப் 11 (லென்ஸ் துளை) என்ற அளவில் எடுத்தால் போதும். ஃப்ளாஷைக் கல்லை ஒட்டி வைத்தால் அருகு முனை வெளுத்து மறுமுனை இருண்டுவிடும் என்பதால், கல்லின் நீளத்தைப்போல் இரு மடங்காவது தள்ளிப் பிடிக்க வேண்டும்.

நிமிர்ந்து நிற்கும் கற்களில் என் தீர்ப்பு வேறு. ஏப்ரல் இறுதியிலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகல் சூரியன் இங்கு தலைக்கு நேர் மேலே வருவதை ஒட்டிய நாட்களில், செங்குத்தான முகத்தை வெயில் மேலிருந்து உரசி இறங்கும். உயரமான நினைவுத்தூண்களுக்கு அதற்கு ஈடாகச் சிறிய ஃப்ளாஷ் நிற்காது. பல கோணப் படங்களை இணைத்து முப்பரிமாண உரு அமைக்கும் முறையில் எனக்குப் பழக்கம் குறைவு. அதை இவற்றோடு ஒப்பிடும் தகுதி இன்னும் எனக்கில்லை.

எந்த வழியானாலும், எழுத்து தெரிய வேண்டுமென்று சுண்ணக்கட்டியோ மாவோ தேய்க்கக் கூடாது. தொல்லியல் துறைப் பாதுகாப்பிலுள்ள இடங்களில் கேமரா முக்காலிக்கு (டிரைபாட்) முன் அனுமதி தேவை என்பதால், அனுமதி இல்லாத நாட்களில் கேமராவைக் கழுத்துப் பட்டையில் இறுக்கிப் பிடித்தே அந்த நான்கு படங்களையும் எடுக்கிறேன். 1/200 விநாடியில் அவை நடுங்குவதில்லை.